அரை மில்லிமீட்டர் எஃகு: பழைய ரிவால்வரின் முன்குறியும் அதன் அறிவியலும்

ரிவால்வரின் குழல்முனையில் நிமிர்ந்து நிற்கும் சிறு உலோகத் தகட்டை முன்குறி என்றும், தோட்டாக்களைத் தாங்கும் உருளைக்கு மேலாகச் செல்லும் சட்டத்தின் பின்பகுதியில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தைப் பின்குறி என்றும் கொண்டால், பள்ளத்தின் நடுவில் தகட்டை நிறுத்தி, இரண்டின் மேல்விளிம்புகளையும் ஒரே மட்டத்தில் வைத்து, அந்த மட்டத்தை இலக்கோடு சேர்ப்பதே குறிபார்த்தல் எனலாம். 1873இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரிலும், 1899இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கொண்டுவந்த மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வரிலும் இவ்விரு குறிகளும் அசையாதவை. திருகைச் சுழற்றிக் குறியை ஏற்றவோ இறக்கவோ ஒதுக்கவோ அவற்றில் வழியில்லை. அன்றைக்குப் புழங்கிய தோட்டா, சராசரி எடையுள்ள ஒரு கை, இளைஞர் ஒருவரின் கண் ஆகிய மூன்றையும் மனத்தில் கொண்டு தொழிற்சாலை எடுத்த முடிவு அந்தத் தகட்டில் எஃகாக உறைந்து நிற்கிறது. நூறாண்டு கழித்து வேறொரு தோட்டாவோடும் வேறொரு கையோடும், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய கண்ணோடும் அதே ரிவால்வரைப் பயன்படுத்துபவர், குண்டுகள் ஓரிடத்தில் நெருக்கமாகவே விழுந்தாலும் அந்த இடம் தாம் குறிவைத்த இடமாக இல்லை என்பதைக் காண்கிறார். முன்குறியை அராவுவது, அதன் முகத்தைத் திருத்துவது, அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவது ஆகியவை எல்லாம் இந்தப் பொருத்தமின்மையைத் தீர்க்கும் வழிகளே. இவற்றில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுக்குள் முடிந்துவிடுகின்றன.

ஒரு மில்லிமீட்டருக்குள் எப்படி முடிகிறது என்பதை விளக்கப் பள்ளிப் பாடத்தின் வடிவொத்த முக்கோணங்களே போதும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் 15 செ.மீ. என்றும், இலக்கு 20 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றும், குண்டுகள் குறிவைத்த இடத்துக்கு 8 செ.மீ. கீழே விழுகின்றன என்றும் வைத்துக்கொள்ளலாம். பிழையைக் குறிகளின் இடைவெளியால் பெருக்கி இலக்கின் தூரத்தால் வகுத்தால், அதாவது 8ஐ 15ஆல் பெருக்கி 2000ஆல் வகுத்தால், 0.06 செ.மீ. கிடைக்கிறது, முன்குறியிலிருந்து எடுக்க வேண்டிய உயரம் 0.6 மி.மீ. மட்டுமே. எடுப்பதா சேர்ப்பதா என்பதில்தான் முதன்முறை கணக்கிடுபவர் தடுமாறுவார். தகட்டின் உயரம் குறைந்தால், அதன் உச்சியைப் பின்குறியின் மட்டத்துக்குக் கொண்டுவரச் சுடுபவர் குழல்முனையை உயர்த்தியாக வேண்டும். முனை உயர்ந்தால் குண்டும் மேலே போகும். ஆகவே குண்டு எந்தத் திசையில் நகர வேண்டுமோ அதற்கு எதிர்த்திசையில் முன்குறி நகர வேண்டும் என்பதே விதி. கீழே சுடும் ரிவால்வர் ஓர் அரத்தால் திருந்திவிடும். மேலே சுடும் ரிவால்வருக்கு உலோகம் சேர்க்க வேண்டும், அது வேறு வகையான வேலை.

இந்தக் கணக்கு எவ்வளவு எளிதோ, அந்தத் தகடு ஏன் முதலில் அவ்வளவு உயரமாக இருக்கிறது என்ற கேள்வி அவ்வளவு எளிதன்று. நீண்ட துப்பாக்கிகளில் குழல் பார்வைக் கோட்டைவிடச் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், ஏனெனில் ஈர்ப்புவிசை குண்டைக் கீழே இழுக்கிறது. ரிவால்வரைப் பக்கவாட்டில் வைத்து அளந்தால் இதற்கு நேர்மாறான காட்சி கிடைக்கிறது: குழலின் மையக்கோட்டிலிருந்து அளக்கும்போது முன்குறி பின்குறியைவிட உயர்ந்து நிற்கிறது, அதாவது குறிகளை இலக்கோடு சேர்த்துப் பிடிக்கும் நேரத்தில் குழல் இலக்குக்குக் கீழே நோக்கிக்கொண்டிருக்கிறது. வினாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 25 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 6 செ.மீ. தாழ்ந்துவிடும் என்ற நிலையிலும் குழல் கீழ்நோக்கியே இருக்கிறது என்பது முரணாகத் தோன்றலாம்.

முரணை அவிழ்ப்பது பின்னுதைப்பு, அதாவது குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளப்படும் விசை. குண்டு குழலைவிட்டு வெளியேறிய பின்னரே துப்பாக்கி துள்ளுகிறது என்று பலரும் எண்ணுவதுண்டு; நியூட்டனின் மூன்றாம் விதி அப்படிக் காத்திருப்பதில்லை. மருந்து பற்றிக் குண்டு நகரத் தொடங்கும் கணத்திலேயே துப்பாக்கியும் நகரத் தொடங்குகிறது. 10 கிராம் குண்டு, 900 கிராம் ரிவால்வர் என்று கொண்டால் இரண்டின் நகர்வும் 90க்கு 1 என்ற விகிதத்தில் அமையும். குண்டு 12 செ.மீ. குழலைக் கடந்து வெளிவருவதற்குள் ரிவால்வர் 1.3 மி.மீ. பின்னே வந்திருக்கும். நேராகப் பின்னே வந்தால் கவலையில்லை. ஆனால் குழல் கைப்பிடிக்கு மேலே இருப்பதால், கையை அச்சாகக் கொண்டு துப்பாக்கி சுழல்கிறது, முனை மேலெழுகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும் காலம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வினாடிதான். பாகையின் ஒரு சிறு பின்னமளவு முனை உயர அந்தக் கால அளவு போதும். குழல் கீழ்நோக்கித் தொடங்கி, மேலெழுந்துகொண்டே, சரியான கோணத்தை எட்டும் கணத்தில் குண்டு வெளியேற வேண்டும் என்பதே உயரமான முன்குறிக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு.

இதிலிருந்து, நீண்ட துப்பாக்கியில் பழகியவரை வியக்கவைக்கும் ஒரு விளைவு பிறக்கிறது. ஒரே ரிவால்வரில், கனமான மெதுவான குண்டு மேலேயும், இலேசான வேகமான குண்டு கீழேயும் விழுகின்றன. மெதுவான குண்டு குழலுக்குள் நீண்ட நேரம் தங்குவதாலும், கனமான குண்டு துப்பாக்கியை அதிகமாக உதைப்பதாலும், அது வெளியேறும் நேரத்தில் முனை கூடுதலாக உயர்ந்திருக்கிறது. சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் தொடக்ககால .45 தோட்டாவில் 40 கிரெய்ன் கரிமருந்தும் ஏறத்தாழ 255 கிரெய்ன், அதாவது 16.5 கிராம் எடையுள்ள ஈயக் குண்டும் இருந்தன. படையோ சில ஆண்டுகளிலேயே மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் படையும் 1930களில் தன் .38 ரிவால்வரின் 200 கிரெய்ன் ஈயக் குண்டைக் கைவிட்டு, 178 கிரெய்ன் உறையிட்ட குண்டுக்கு மாறியது. இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றும், அசையாத முன்குறியின் உயரத்தை ஓரளவு பொய்யாக்கிவிடக்கூடியது. எஃகு பழைய தோட்டாவை நினைவில் வைத்திருக்கிறது, சுடுபவர் புதிய தோட்டாவை இடுகிறார்.

ஆதலால் அரத்தை எடுப்பதற்கு முன் தோட்டாவை முடிவுசெய்துகொள்ள வேண்டும் என்பதும், முடிவுசெய்த தோட்டாவைப் போதிய எண்ணிக்கையில் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் இந்த வேலையில் தவிர்க்க முடியாத படிகள். ஐந்து குண்டுகளின் சிதறலைப் பார்த்து உலோகத்தை அராவுவது அவசரம். ஒவ்வொரு குண்டும் நடுப்புள்ளியிலிருந்து சராசரியாக 3 செ.மீ. விலகுகிறது என்றால், ஐந்து குண்டுகளின் நடுப்புள்ளியே 1.3 செ.மீ. வரை ஐயத்துக்குரியது, இருபது குண்டுகள் சுட்டால் அந்த ஐயம் 0.7 செ.மீ. அளவுக்குச் சுருங்குகிறது, ஏனெனில் சராசரியின் பிழை எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. அராவிய எஃகு திரும்ப வளராது. தேவையான 0.6 மி.மீ.இல் முதலில் பாதியை மட்டும் எடுத்து, மீண்டும் சுட்டு, மீண்டும் அளந்து முன்னேறுபவரின் பொறுமைக்கு இந்தப் புள்ளியியலே ஆதரவு.

இடவலப் பிழைக்கும் விதி அதுவே. குண்டுகள் வலப்பக்கம் ஒதுங்கினால் முன்குறியின் நடுவை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். தகட்டின் இடப்பக்கத்தை அராவினால் நடு வலப்பக்கம் போகும், ஆனால் எடுத்த அளவில் பாதியே நகர்வாகக் கிடைக்கும், தகடும் மெலிந்துவிடும். கோல்ட் ரிவால்வர்களில் துப்பாக்கித் தொழிலாளர்கள் கையாளும் இன்னொரு வழி, சட்டத்தில் மரைகொண்டு இறுக்கப்பட்டிருக்கும் குழலையே சற்றுத் திருப்புவது. குழலின் மையத்திலிருந்து முன்குறியின் உச்சி 15 மி.மீ. உயரத்தில் இருந்தால், ஒரு பாகைத் திருப்பம் அதை 0.26 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்துகிறது, 20 மீட்டரில் அது 3.5 செ.மீ. ஆகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு இலக்கட்டையில் தெளிவாகத் தெரியும். குழலுக்கு அடியில் வெற்றுக்கூட்டை வெளித்தள்ளும் கம்பியின் உறை இருப்பதால் அதிகம் திருப்பவும் முடியாது.

இதுவரை சொன்னவை குண்டு எங்கே விழுகிறது என்பதைப் பற்றியவை. முன்குறியைத் திருத்துவதால் கிடைக்கும் பெரும்பயனோ குண்டுகளின் சிதறல் சுருங்குவதில் இருக்கிறது. அது முழுக்கக் கண்ணின் இயல்பைச் சார்ந்தது. கையை நீட்டிப் பிடித்தால் கண்ணிலிருந்து பின்குறி 55 செ.மீ. தொலைவிலும், முன்குறி 70 செ.மீ. தொலைவிலும், இலக்கு 25 மீட்டருக்கு அப்பாலும் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காண மனிதக் கண்ணால் இயலாது, ஏனெனில் கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரு தொலைவுக்கே குவியும். எதைத் தெளிவாகப் பார்ப்பது என்ற கேள்விக்கு முன்குறியை என்பதே விடை, காரணமும் மீண்டும் முக்கோணந்தான். கை நடுங்கித் துப்பாக்கி முழுவதும் 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 5 மி.மீ. தான் விலகும், பின்குறியின் நடுவிலிருந்து முன்குறி வெறும் அரை மில்லிமீட்டர் விலகினால், 20 மீட்டரில் குண்டு 6.7 செ.மீ. விலகும். இலக்கு மங்கலாகத் தெரிவதால் வரும் பிழை சிறியது, குறிகள் மங்குவதால் வரும் பிழை பெரியது.

பழைய ரிவால்வர்களின் குறிகள் இந்த உண்மைக்கு எதிராகவே அமைந்தவை போலத் தோன்றுகின்றன. சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் பின்குறி சட்டத்தின் மேல் ஓடும் ஒரு குறுகிய வாய்க்கால். அதில் நிற்க வேண்டிய முன்குறி மெல்லிய தகடு. மிலிட்டரி அண்ட் போலீஸின் முன்குறி பக்கவாட்டில் பார்த்தால் அரைவட்ட நாணயம் போன்றது. அதன் பின்முகம் சுடுபவரை நோக்கி வளைந்து இறங்குவதால், வானத்தின் வெளிச்சம் அந்த வளைவில் பட்டுக் கண்ணுக்குள் தெறிக்கிறது. உச்சி எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகிறது. உறையிலிருந்து உருவும்போது எதிலும் சிக்காத வடிவம் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது, அந்த அளவில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாட்ரிட்ஜ் என்ற அமெரிக்கப் போட்டிச் சுடுநர் இதற்கு மாற்றாகக் கொண்டுவந்த வடிவம் இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது: பின்புறமிருந்து பார்க்கையில் தட்டையான உச்சியும் செங்குத்தான பக்கங்களும் கொண்ட கருஞ்சதுரம் முன்குறி, அதைவிடச் சற்று அகலமாகத் தெரியும் சதுரப் பள்ளம் பின்குறி. இந்தச் சதுரங்கள் ஏன் உதவுகின்றன என்பதற்குக் கண்ணறிவியலில் தெளிவான விடை உண்டு. இரு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியக் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு கலை, அதாவது ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு, இடைவெளி தேவை. ஆனால் இரு நேர்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகத் தொடர்கின்றனவா, சற்றே விலகியுள்ளனவா என்று கண்டறிவதில் அதே கண் பன்மடங்கு கூர்மையானது. நல்ல வெளிச்சத்தில் பத்து விகலை விலகலையும், அதாவது ஒரு கலையின் ஆறில் ஒரு பங்கையும், அது உணர்ந்துவிடும். வெர்னியர் அளவுகோலில் கோடு கோட்டோடு சேர்வதைக் கண் பிடித்துவிடுவதும் இதே திறனால்தான் என்பதால், இதற்கு வெர்னியர் கூர்மை என்று பெயர். 70 செ.மீ. தொலைவில் பத்து விகலை என்பது 0.034 மி.மீ.; அந்த அளவுக்குக் குறிகளை நேர்படுத்த முடிந்தால் 25 மீட்டரில் வரும் பிழை 6 மி.மீ.ஐத் தாண்டாது. இந்தத் திறன் நேர்விளிம்புகளிடையேதான் வேலைசெய்கிறது. உருண்ட உச்சியும் கூரிய பள்ளமும் அதற்கு இடம் தருவதில்லை. பள்ளத்தின் இருபுறமும் தெரியும் ஒளிக்கீற்றுகள் சமமாக உள்ளனவா என்று ஒப்பிடுவதும் கண்ணுக்கு எளிய வேலையே. தகடும் பள்ளமும் ஒரே அளவாக 2.5 மி.மீ. அகலம் கொண்டிருந்தாலும், தகடு தொலைவில் இருப்பதால் சிறிதாகத் தெரிந்து, இருபுறமும் ஒன்றரைக் கலைக்குச் சற்று மேற்பட்ட ஒளிக்கீற்று கிடைத்துவிடுகிறது.

ஆகவே அரைவட்ட முன்குறியின் வளைந்த பின்முகத்தைச் செங்குத்தாக அராவி, உச்சியின் பின்விளிம்பைக் கூரிய மூலையாக்குவது, செலவுக்குப் பலன் பார்த்தால் எல்லாத் திருத்தங்களிலும் சிறந்தது எனலாம். முகத்தைச் சற்று உட்சாய்வாக வெட்டினால் மேலிருந்து வரும் ஒளி அதன்மேல் படுவதே இல்லை. உறையில் சிக்கும் என்ற அச்சம் இருந்தால், சரிவாகவே விட்டு, அரை மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கு வரிகளை வெட்டலாம். ஒவ்வொரு வரியும் தன் நிழலைத் தானே சுமப்பதால் முகம் கறுத்துத் தெரியும். அமெரிக்க எஃப்பிஐயைச் சேர்ந்த ஃபிராங்க் பாமனின் பெயரால் வழங்கும் சரிவுக் குறி இவ்வகையைச் சேர்ந்தது.

பளபளப்பு ஏன் இவ்வளவு பெரிய பகை என்றால், கண் உலோகத்தைக் காணாமல் ஒளியைக் காண்பதால்தான். இடப்பக்கத்திலிருந்து வெயில் அடிக்கும்போது, சில முன்குறிகளின் உச்சியில் பதிக்கப்படும் உருண்டையான குறிமணியின் இடப்பாதி மட்டும் மின்னும். மின்னும் பகுதியையே முழுக் குறியாகக் கருதிப் பள்ளத்தின் நடுவில் வைக்கும்போது, உண்மையான குறி வலப்பக்கம் ஒதுங்கிவிட, குண்டு வெயிலைவிட்டு விலகி வலப்பக்கம் விழுகிறது. மொன்டானாவின் எட் மெக்கிவர்ன், 1932இல் 0.45 வினாடியில் ஐந்து குண்டுகளைச் சுட்ட அந்த ரிவால்வர் வல்லுநர், பொன்மணிக் குறியை விரும்பியபோதும், அதன் முகத்தைத் தட்டையாக்கியே பயன்படுத்தினார். தட்டை முகம் எத்திசை வெயிலிலும் ஒரே சீராக ஒளிரும். போட்டிச் சுடுநர்கள் மணியையே துறந்து கருமையை நாடினர். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து அமெரிக்கப் படைப் பயிற்சிகளில் குறிகளைக் கறுக்கப் பயன்பட்ட பொருள்களில் கற்பூரமும் ஒன்று. தட்டில் ஏற்றிய கற்பூரச் சுடருக்கு மேல் கிண்ணத்தைக் கவிழ்த்தால் படியும் கரியைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூலக்கூறில் கரிமம் மிகுந்திருப்பதால் கற்பூரம் முழுமையாக எரியாமல் புகைவிடுகிறது, அந்தப் புகைக்கரியின் நுண்துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று பஞ்சுபோல் அடுக்கப்படும்போது இடுக்குகளுக்குள் நுழையும் ஒளி திரும்பி வருவதில்லை. சாதாரண வண்ணப்பூச்சு தராத மங்கிய கருமை அது. விரல் பட்டால் அழிந்துவிடும் என்பதே அதன் ஒரே குறை.

கருமைக்கு மாற்றாகச் சிவப்பு நெகிழிக் கட்டியைப் பதிப்பதும் வழக்கில் உண்டு. பகல் வெளிச்சத்தில் அது கண்ணைக் கவர்ந்தாலும், அந்தி மங்கும்போது முதலில் மறைவது அதுவே. மங்கல் ஒளியில் வேலைசெய்யும் விழித்திரைக் கோலணுக்கள் சிவப்பை ஏறத்தாழ உணர்வதே இல்லை. ஐடஹோவைச் சேர்ந்த துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் சதுர முன்குறியின் முகத்தில் மெல்லிய பொற்பட்டைகளைக் குறுக்காகப் பதித்துக்கொண்டது வேறொரு நோக்கத்துக்காக: தொலைதூர இலக்குக்குக் குறிபார்க்கையில் முன்குறியைப் பின்குறிக்கு மேல் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்கு அவை படிக்கட்டுகளாகப் பயன்பட்டன.

வயதான கண்ணுக்குத் தகட்டின் அகலமும் ஒரு மருந்து. 3.2 மி.மீ. அகலமுள்ள முன்குறி 25 மீட்டரில் 11 செ.மீ.க்கு மேல் மறைத்துவிடும் என்றாலும், பன்னாட்டுப் போட்டிகளின் 25 மீட்டர் இலக்கட்டையில் கறுப்பு வட்டமே 20 செ.மீ. விட்டம் கொண்டது என்பதால், அந்த இழப்பு பொறுக்கத்தக்கதே. இன்னொரு மருந்து உலோகத்தில் இல்லை: நாற்பதுகளின் நடுவில் இறுகத் தொடங்கும் வில்லை நாளடைவில் 70 செ.மீ. தொலைவில் குவிய மறுக்கும்போது, தூரப்பார்வைக் கண்ணாடியோடு 0.5 முதல் 0.75 டயாப்டர் வரை சேர்த்தால், குவியம் முன்குறிக்கும் இலக்குக்கும் நடுவே விழுந்து இரண்டும் ஏற்கத்தக்க தெளிவோடு தெரியும். கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு நாடாவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட துளையிட்டு அதன்வழி பார்த்தாலும் இதே பயன் கிட்டும். பழைய ஊசித்துளைப் புகைப்படப் பெட்டியின் தத்துவந்தான் அது.

மேலே சுடும் ரிவால்வருக்கு உலோகம் சேர்க்கும் வேலையில் வெப்பமே முதன்மைச் சிக்கல். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும், ஆனால் அதன் பிடிப்பு பலவீனமானது. வெள்ளி கலந்த பற்றாசு உறுதியானது, அதற்கு 600 பாகைக்கு மேல் சூடேற்ற வேண்டும், அந்தச் சூட்டில் குழல்முனையின் நீலமெருகு கெட்டுவிடும். நீலமெருகு என்பது வண்ணமன்று. எஃகின் மேற்பரப்பே மெல்லிய காந்த ஆக்சைடாக மாறிய படலம். சுத்தியலால் தகட்டைத் தட்டி நீட்டி உயர்த்துவோரும் உண்டு. பார்க்க அசிங்கம் என்றாலும் வெப்பம் தேவைப்படாத வழி அது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் தடைசெய்வதால், இங்கே இந்த வேலை எதுவாயினும் உரிமம் பெற்ற தொழிற்கூடத்தில்தான் நடக்க முடியும்.

அரம் படாத பழைய ரிவால்வருக்குச் சேகரிப்பாளர்களிடம் விலை அதிகம். ஒருமுறை அராவிவிட்டால் அந்த மதிப்பு திரும்பாது. அத்தகைய துப்பாக்கிக்குக் கணக்கைத் தலைகீழாகப் போடும் வழி ஒன்று இருக்கிறது: குறியைக் குண்டுக்குப் பொருத்துவதற்குப் பதிலாகக் குண்டைக் குறிக்குப் பொருத்துவது. .38 ஸ்பெஷல் மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வர் 110 கிரெய்ன் இலேசான குண்டோடு கீழே சுடுகிறது என்றால், அந்தத் தோட்டாவின் வழக்கமான 158 கிரெய்ன் குண்டுக்குத் திரும்பும்போது பல நேரங்களில் பிழை தானே மறைந்துவிடுகிறது. சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் இந்த வழியைக் கையாள்பவர் அதன் வயதையும் பார்க்க வேண்டியிருக்கும், ஏனெனில் புகையில்லா மருந்துக்கு ஏற்றது என்று கோல்ட் நிறுவனம் அதற்கு உறுதியளித்தது 1900 வாக்கில்தான். அதற்கு முந்தையவற்றின் முன்குறி கரிமருந்தின் அளவுக்கே வெட்டப்பட்டது, அவற்றின் உருளையும் கரிமருந்தின் அழுத்தத்தை மட்டுமே தாங்கும்.